பூஜையில் வைத்த திருப்புளி

புதிதாகப் பட்டறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று உங்கள் மேஸ்திரி வீடு தேடி வந்து கேட்டார். எஞ்சினைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்லித் தர இப்போது புத்தகங்கள் வந்துவிட்டன. நான் பானெட்டைப் பூட்டி வைக்கிற கொக்கியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள். எஞ்சின், கியர், பிரேக் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி மரியாதையோடு வெளியே வந்தவன் நான். என்னைத் தலைகுனிய வைத்தது அந்தக் கொக்கிதான்.

இப்போது வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒரு குமிழை இழுத்தால் பானெட் திறந்துகொள்கிறது. முப்பதுகளில் அப்படி இல்லை. பானெட்டின் நடுமுதுகில் நீளமாகக் கீல் இருக்கும். இரண்டு பக்கத்தையும் கோழி இறக்கையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கீழே கொக்கிகள். கொக்கிக்கு ஒரு ஸ்பிரிங், ஒரு கைப்பிடி. பிடியைத் திருப்பினால் கொக்கி விடுபடும். தகரம் வந்து உட்காரும் விளிம்பு நெடுகத் தோல் பட்டை ஒன்று தைத்திருப்பார்கள். அந்தப் பட்டை தேய்ந்துபோனால் வண்டி ஓடும்போது பானெட் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கு நேர்வழி, புதுப் பட்டை தைப்பது. குறுக்குவழி, கொக்கியைக் குட்டையாக்கி இறுக்கிவிடுவது. சத்தம் இரண்டிலும் நிற்கும்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை ஒருவர் பானெட்டின் குறுக்கே குதிரைச் சேணம் மாதிரி வார் கட்டிக்கொண்டு வருவார். பந்தய வண்டி என்று அவருக்கு நினைப்பு. வண்டி ஓடுவதென்னவோ மாட்டு வண்டி வேகத்தில்தான். நாங்கள் அவரைச் செய்யாத கேலி இல்லை. ஆனால் அந்த வாரை எந்த அவசரத்திலும் யார் வேண்டுமானாலும் அவிழ்த்துவிட முடியும். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

எங்கள் பட்டறை தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அந்த வருஷம்தான் என்னை மேஸ்திரி ஆக்கியிருந்தார்கள். வயதில் என்னைவிட மூத்தவர்கள் இருந்தும் முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். தலையில் கொஞ்சம் கனம் ஏறித்தான் இருந்தது. மாம்பலத்தில், புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகர்ப் பக்கம், ஒரு டாக்டரம்மா இருந்தார். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். அவருடைய வண்டி எங்களிடம்தான் வரும். அவர் சொல்லி அந்தத் தெருவில் இருந்த மற்ற வண்டிகளும் எங்களிடம் வர ஆரம்பித்திருந்தன. அதனால் அந்த வண்டி என்றால் முதலாளிக்குத் தனிக் கவனம்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த வாரத்தில் அந்த வண்டி பானெட் கடகடப்புக்காக வந்தது. பட்டை நைந்து போயிருந்தது. புதுத் தோல் வாங்கி, அறுத்து, துளை போட்டுத் தைக்க வேண்டும். பட்டறையில் பூஜைக்காக வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் தைக்கவில்லை. இரண்டு பக்கமும் கொக்கிகளுக்கு அடியில் வாஷர்களைச் செருகி, நட்டை முறுக்கி இறுக்கிவிட்டேன். கையால் அழுத்தினேன், மூடியது. திருப்பினேன், திறந்தது. சத்தம் இல்லை. முதலாளி கேட்டபோது புதுப் பட்டை போட்டாயிற்று என்று சொன்னேன். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது மூடித் திறந்து பார்த்தேனே தவிர, வண்டியை ஓட்டி, தகரம் சூடேறிய பிறகு திறந்து பார்க்கவில்லை. சூட்டில் தகரம் விரியும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை பட்டறை பளபளவென்று இருந்தது. சுத்தி, ஸ்பேனர், அரம், திருப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பலகை மேல் வரிசையாகப் படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்; அதுவரை கை வைக்கக் கூடாது. அப்போதும் அதுதான் வழக்கம், இப்போதும் அதுதான். காதர் பாய் என்று எங்கள் தகர வேலைக்காரர் ஒருவர் இருந்தார். ராயப்பேட்டைக்காரர், நசுங்கிய மட்கார்டைத் தட்டிச் சரிசெய்வதில் மன்னன். தோரணம் கட்டுவதற்கும் வாழைக்கன்று நடுவதற்கும் அவர்தான் முதல் ஆள். பொரி கடலையும் வாங்கிக்கொள்வார். அவருடைய ஆயுதப் பெட்டி மட்டும் பூஜைக்கு வராது. வேப்பமரத்தடியில் தன் பாட்டுக்கு இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பூசணிக்காய் உடைத்து முடித்து, வாடிக்கைக்காரர்கள் சிலரும் முதலாளியும் பேசிக்கொண்டிருந்த நேரம். டாக்டரம்மாவின் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பானெட்டில் சந்தனப் பொட்டு, முகப்பில் மாலை. டிரைவர் ஏகாம்பரம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். பின்னாலேயே டாக்டரம்மா பையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“ஓடிக்கினே இருந்துச்சு, படக்குனு நின்னுப்போச்சு மேஸ்திரி. ஒயரு கயண்டுகினு கீது. முந்தி ஒருவாட்டியும் இப்டிதான் ஆச்சு. பானெட்ட மட்டும் தொறந்து குடு, நானே சொருகிக்கிறேன். கைப்பிடி திரும்பவே மாட்டேங்குது” என்றான்.

நொச்சிக்குப்பத்தில் ஒரு மீனவப் பெண்ணுக்கு இரவிலிருந்து வலி என்றும், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அங்கிருந்த மருத்துவச்சி சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள் என்றும் டாக்டரம்மா சொன்னார். அவர் பதறவில்லை. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நான் போய்க் கைப்பிடியில் கை வைத்தேன். சுட்டது. அசையவில்லை. மறுபக்கம் போனேன், அதுவும் அசையவில்லை. சூட்டில் தகரம் உப்பி, என் வாஷர்களின் மேல் கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு திருப்புளியும் ஒரு நெம்புகோலும் இருந்தால் வெற்றிலை போடும் நேரத்தில் திறந்துவிடலாம். ஆனால் நெம்பினால் வாஷர்கள் பொலபொலவென்று எல்லோர் முன்னாலும் கீழே விழும். நைந்த பட்டையும் தெரியும். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மேஸ்திரி ஆகி முதல் ஆயுத பூஜை.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “ஆயுதமெல்லாம் பூஜையில இருக்கும்மா. இன்னிக்குத் தொடக் கூடாது. நீங்க ஒரு ஜட்கா பாத்துப் போயிடுங்க, நாளைக்குக் காலையில வண்டிய ரெடி பண்ணிடறேன்.”

யோசித்துச் சொன்னதல்ல. தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமான பொய் என் வாயில் தயாராக இருந்திருக்கிறது.

காதர் பாய் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். “என் பொட்டி பூஜைல இல்லியே மேஸ்திரி. நான் தொறக்கட்டா?” என்றார்.

பிள்ளைகளே, அங்கே எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டவனுக்குத் திரும்பிக்கொள்ள ஒரு வழி திறந்தது. சரி பாய் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, இன்றைக்கு இந்த வாசலில் இரும்புச் சத்தமே கேட்கக் கூடாது என்று சொன்னேன். முதலாளி ஆமோதித்துத் தலையாட்டினார். பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். வேப்பமரத்தடிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவரவர் நம்பிக்கை என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஜட்கா பார்க்கச் சொன்னார். தெருமுனை ஸ்டாண்டில் ஜட்காக்கள் இருந்தன. ஆனால் அன்று ஜட்காக்களுக்கும் பூஜை. குதிரைகளைக் கழுவி மஞ்சள் பூசி, சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். ஒருவனும் வரவில்லை. நான் சொன்ன அதே பதிலை அவர்களும் சொன்னார்கள்; அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஏகாம்பரம் தெருத் தெருவாக ஓடி, எங்கிருந்தோ ஒரு கைரிக்‌ஷாவைப் பிடித்து வந்தான். அவர் ஏறிப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அத்தனை நேரமும் நான் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். யாரும் வருவதற்குள் வாஷர்களை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். பூஜை இன்னும் ஆகவில்லை. எந்த ஆயுதத்தைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மாவைத் திருப்பி அனுப்பினேனோ, அந்தத் திருப்புளியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததைத் துடைத்தபடி, வண்டியிடம் போனேன். பழக்கதோஷத்தில் முதலில் கைப்பிடியைத் திருப்பினேன்.

திரும்பிவிட்டது. கொக்கி சுகமாக விடுபட்டது. ராத்திரிப் பனியில் தகரம் குளிர்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் மண்டையில் அடித்ததுபோல் உறைத்தது. முந்தின நாள் ஆயுதமே தேவைப்பட்டிருக்காது. இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்து பானெட் மேல் போட்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் கையாலேயே திறந்திருக்கும். பூஜைக்கும் பங்கம் இல்லை, டாக்டரம்மாவும் போயிருப்பார். ஒரு வாஷரும் வெளியே வந்திருக்காது. என் பொய்கூட பத்திரமாகவே இருந்திருக்கும். முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டிய அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. வண்டியை எப்படித் திறப்பது என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. எதை எப்படி மறைப்பது என்பதிலேயே புத்தி முழுக்கப் போய்விட்டது. நெருக்கடியில் கை நடுங்குவதைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். கை நடுங்கினால் பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம். தன் மானத்தைப் பற்றிய கவலை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், கற்ற வித்தை எல்லாம் வெளியே போய்விடும்.

நிமிர்ந்து பார்த்தால் காதர் பாய் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“கையாலயே தொறந்துகிச்சே மேஸ்திரி” என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, கடைசிவரை சொல்லவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

ஏகாம்பரம் வண்டியை எடுக்க வந்தபோது நான் கேட்கத் துணியவில்லை. அவனாகத்தான் சொன்னான். குழந்தை செத்துப் பிறந்தது. ஆண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள், அதுவே டாக்டரம்மாவின் கைராசி என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்களாம். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று அவன் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னாராம். அந்தச் ‘சொல்ல முடியாது’ என்ற வார்த்தையை எத்தனையோ தடவை என் பக்கம் இழுத்துப் பார்த்திருக்கிறேன். அது எந்தப் பக்கமும் வருவதில்லை.

வண்டியை அன்று நான் கொடுத்தனுப்பவில்லை. தோல் வாங்கி வந்து, நானே உட்கார்ந்து புதுப் பட்டை தைத்தேன். கழன்ற ஒயரைச் செருகி, கொக்கிகளைப் பழைய அளவுக்குத் தளர்த்தி, வண்டியைத் திருவான்மியூர் வரை ஓட்டிப் போய், கொதிக்கக் கொதிக்க நிறுத்தித் திறந்து பார்த்தேன். பூவாகத் திறந்தது. செத்த பிறகு வைத்தியம்.

வண்டியை மாம்பலத்து வீட்டில் விடப் போனேன். வராந்தாப் படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கருத்த, ஒடுங்கிய முகம். மருந்து வாங்க வந்திருந்தார். டாக்டரம்மா வெளியே வந்து, கொஞ்சமும் குத்தல் இல்லாமல், “அஞ்சப்பா, அன்னிக்கு நான் சொன்னேனே, அந்தப் பட்டறை மேஸ்திரி இவர்தான்” என்றார். பிறகு என்னிடம், இவருடைய மனைவிதான் அன்று பார்த்த பெண் என்றார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நீ இன்னா பண்ணுவ மேஸ்திரி” என்றார். “சாமி காரியம். ஆயுத பூசை அன்னிக்கு நாங்களும்தான் வலையத் தொடமாட்டோம். உன் எடத்துல நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். மனச உட்டுடாத.”

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி என்பது வந்தது, இல்லை என்பது வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் அதையும் என் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் அதை வாங்கிக்கொண்டு, வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, தேனாம்பேட்டை வரை நடந்தே வந்தேன். வழியில் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷமும் என் காது மடல் சுடுகிறது. அவரைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை நொச்சிக்குப்பம் பக்கம் போயிருக்கிறேன். ரோட்டோரத்தில் மீன் விற்கிற இடம்வரை போவேன். மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

இதற்கு நடுவில் என் பெயர் பட்டணத்தில் பரவ ஆரம்பித்தது. முதலாளிதான் பரப்பினார். எங்கள் மேஸ்திரிக்கு டாக்டரே வந்து நின்றாலும் பூஜையில் வைத்த ஆயுதம் ஆயுதம்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மயிலாப்பூரில் ஒரு பெரியவர் இதைக் கேட்டு எனக்குச் சால்வை போர்த்தினார். தொழில் பக்தி என்றால் இதுதான் என்றார். கைகூப்பி வாங்கிக்கொண்டேன். அந்தச் சால்வையை ஒருநாளும் போர்த்தியதில்லை. என் வீட்டம்மா ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். நானும் வைத்தேன். ஒரு திருப்புளியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன். முதலாளிக்குக் கழுகுக் கண். பலகையைப் பார்த்துவிட்டு, உன் திருப்புளி எங்கே என்று கேட்டார். இடுப்பில் இருக்கிறது, யாராவது அவசரமாக வந்தால் வேண்டும் என்றேன். பட்டறை மொத்தமும் நிற்க, அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேர் வாங்கினதும் திமிர் வந்துவிட்டதா, சரஸ்வதிக்கு மேல் பெரிய ஆளா நீ, போன வருஷம் இருந்த பக்தி எங்கே போயிற்று என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் திருப்புளியை எடுத்து வைக்கவில்லை. வேப்பமரத்தடியில் காதர் பாய் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக எழுந்து, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலுக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் வைத்தார்.

அந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த திட்டு அது ஒன்றுதான். அதுவும், நான் முதல்தடவையாகச் சரியாக நடந்துகொண்டதற்கு.

உங்களுக்கும் ஆயுத பூஜை வரப் போகிறது. நன்றாகச் செய்யுங்கள். சந்தனம் வையுங்கள், மாலை போடுங்கள், தெருவெல்லாம் கேட்கப் பூசணிக்காய் உடையுங்கள். ஒரு திருப்புளி மட்டும் வெளியே இருக்கட்டும். யாராவது ஏன் என்று கேட்டால், அந்தக் கிழவன் சொன்னான் என்று என்னைக் கைகாட்டி விடுங்கள். அவர்கள் வந்து திட்டட்டும். எனக்கு வர வேண்டியது இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது.